குட்டி போட வைக்கலாமா? கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

தரையில் நாலைந்து சொட்டு ரத்தம். வீட்டுப் பெட்டை நாய் ஹீட்டுக்கு, அதாவது இணைசேரும் பருவத்துக்கு, வந்துவிட்டது என்பது பெரும்பாலும் இப்படித்தான் தெரிய வருகிறது. அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது: "லேப் ஃபீமேல், ரெண்டு வயசு, நல்ல மேல் இருந்தா சொல்லுங்க." பத்து நாளில் எங்கிருந்தோ ஒரு கடுவன் வந்து சேர்கிறது. கிராஸ் முடிகிறது. இரண்டு மாதம் கழித்து அறையின் மூலையில் எட்டுக் குட்டி.

இதில் யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. நாயின் உடம்பு தேதி குறித்தது, வீடு அதன் பின்னால் ஓடியது. இடுப்பு எக்ஸ்ரே, கிருமிக்கான ரத்தப் பரிசோதனை, பாக்கியிருக்கும் தடுப்பூசி, குட்டிகளுக்கு வீடு பார்ப்பது என எதுவுமே அந்தப் பத்து நாளுக்குள் அடங்காது. பெட்டை நாய்க்கு ஹீட் சராசரியாக ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. யோசிக்க வேண்டிய காலம் அந்த இடைவெளிதான். யோசிக்கும் வரிசையும் மாற வேண்டும். எந்தக் கடுவன் என்ற கேள்வி கடைசியில் வரட்டும். எட்டாவது குட்டி யார் வீட்டுக்குப் போகும் என்பதிலிருந்து தொடங்குங்கள். லேப்ரடாரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

எட்டாவது குட்டி

லேப்ரடார் ஓர் ஈத்தில் ஆறு முதல் எட்டுக் குட்டி போடுவது சாதாரணம். பத்து, பன்னிரண்டு போட்டாலும் ஆச்சரியமில்லை. எட்டு என்று வைத்துக்கொண்டால், கடுவனைக் கொண்டுவந்தவர் பணத்துக்குப் பதிலாக ஒரு குட்டி எடுத்துக்கொள்வார். முதலில் பொறுக்குவதும் அவர்தான். நீங்கள் ஒன்றை வைத்துக்கொள்வீர்கள். மீதி ஆறு.

"குட்டி போட்டா எனக்கொண்ணு" என்று சொன்னவர்கள் ஆறு பேருக்கு மேலேயே இருப்பார்கள். குட்டிக்கு ஆறு வாரம் ஆனதும் போன் செய்து பாருங்கள். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, மாமியாருக்கு நாயென்றால் பயம், வேலை மாற்றலாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. சொன்ன அன்று குட்டி என்பது வெறும் பேச்சாக இருந்தது, அவ்வளவுதான். மிஞ்சுவதில் பெட்டைக் குட்டிகளே அதிகமாக இருக்கும். "பொட்டைக் குட்டி வேண்டாங்க, ஹீட்டுக்கு வரும்" என்பது நம் ஊரில் எல்லோர் வாயிலும் வருகிற பதில்.

ஆகவே ஹீட் வருவதற்கு முன்பே ஒரு தாளில் ஆறு பெயர் எழுத முடிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே நான்கு பதில் வேண்டும். சொந்த வீடா, வாடகையா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? பெட்டைக் குட்டியானாலும் சம்மதமா? இதற்கு முன் நாய் வளர்த்தார்களா, அது என்ன ஆயிற்று? ஒருவரைப் பற்றி அதிகம் சொல்லிவிடுவது அந்தக் கடைசிக் கேள்விதான். "ஊருக்குப் போகும்போது தோட்டத்துல விட்டுட்டோம்" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பெயரை அடித்துவிடலாம்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. இரண்டு வருடம் கழித்து, வளர்க்க முடியவில்லை என்று ஒருவர் முப்பது கிலோ நாயைத் திருப்பிக் கொண்டுவந்தால், வாசலில் வாங்கிக் கட்ட உங்களிடம் இடமிருக்கிறதா? இல்லையென்றால் மேலே படிக்கவே தேவையில்லை, பதில் கிடைத்துவிட்டது.

குட்டிகளை விற்பதாக இருந்தால் சட்டமும் உண்டு. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, விற்பனைக்காகக் குட்டி போட வைப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். தாய்க்குக் குறைந்தது 18 மாத வயது ஆகியிருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆனால் முப்பது நாள் குட்டிகள் வெளிப்படையாகவே கைமாறுகின்றன. அந்த எட்டு வாரம் ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

ஐந்தாம் வாரம்

முதல் மூன்று வாரம் தாயே எல்லாம் பார்த்துக்கொள்ளும். குட்டியை நக்கித்தான் மூத்திரம் போக வைக்கும், நக்கியே சுத்தமும் செய்துவிடும். குட்டி கஞ்சிக்கோ ஊறவைத்த தீனிக்கோ மாறிய நாளிலிருந்து அந்த வேலை உங்கள் தலையில். எட்டுக் குட்டிக்கு நாளைக்கு நாலு வேளை என்றால் முப்பத்திரண்டு கிண்ணம். போட்டது எல்லாம் வெளியேயும் வரும். எட்டாம் வாரத்தில் ஒவ்வொன்றும் ஐந்து கிலோ இருக்கும், மொத்தம் நாற்பது கிலோ நாய் வீட்டுக்குள் ஓடும். இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் இதை யோசித்துப் பாருங்கள். கீழ் வீட்டுக்காரரையும் சேர்த்து யோசியுங்கள்.

பால் கொடுக்கும் தாய் மூன்றாம், நான்காம் வாரத்தில் வழக்கத்தைப்போல மூன்று மடங்கு வரை தின்னும். குறைத்துப் போட்டால் எலும்பு தெரிய இளைத்துவிடும். வட்டப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குத் தொற்றிவிடுவதால், இரண்டாம் வாரத்தில் தொடங்கி 2, 4, 6, 8 வாரங்களில் பூச்சிமருந்து. அப்போதைக்கப்போது எடை பார்த்துத்தான் அளவு. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. பார்வோ வைரஸ் ஒரு குட்டிக்கு வந்தால் மற்ற ஏழையும் பார்க்காமல் விடாது. ஊசி போடாத தெருநாய் மலம் கழித்த இடத்தை மிதித்துவிட்டு அதே செருப்போடு அறைக்குள் வந்தாலே போதும்.

மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி உலகத்தைப் படிக்கும் காலம். குக்கர் விசில், மிக்ஸி, சின்னப் பிள்ளைகளின் கூச்சல், ஆட்டோ சத்தம், அடுத்தவர் கை, இவையெல்லாம் பயப்பட வேண்டியவை அல்ல என்று பதிவது அப்போதுதான். அதில் முதல் ஐந்து வாரம் உங்கள் வீட்டில் கழிகிறது. கூடப்பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும்; பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்று குட்டி கற்பது அதில்தான். முப்பதாம் நாளில் பிரித்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைக்காமலே போகிறது. மாடித் தகரக் கொட்டகையில் யாரும் தொடாமல் எட்டு வாரம் வளர்ந்த குட்டியும், நல்ல ரத்தமே ஆனாலும், பயந்து கடிக்கும் நாயாகலாம்.

பிரசவ இரவு

கருமுட்டை வெளிவந்து ஏறக்குறைய 63ஆம் நாள் பிரசவம். கிராஸ் ஆன நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 நாள் வரை இழுக்கும். நாயின் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். கடைசி வாரத்தில் காலை மாலை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால், ஒரு நாள் 99க்குக் கீழே இறங்கும். அதிலிருந்து பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் குட்டி வரும். குட்டி போடுவதற்கான பெட்டி லேப்ரடாருக்கு நாலுக்கு நாலு அடியாவது வேண்டும். உட்பக்கம் சுவரை ஒட்டி, தரையிலிருந்து நாலு அங்குல உயரத்தில் ஒரு கட்டை அடித்துவிட வேண்டும். தாய் சாய்ந்து படுக்கும்போது சுவரோரம் மாட்டிய குட்டி நசுங்காமல் தப்பிக்க அந்த இடுக்குத்தான்.

மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரங்களை எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். பலமாக முக்கத் தொடங்கி அரை மணி நேரமாகியும் குட்டி வரவில்லை. உள்ளே இன்னும் குட்டி இருக்கும்போதே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. முதல் குட்டிக்கு முன்பே பச்சைக் கறுப்பு நீர் வடிகிறது. இதற்கு நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது, உள்ளே இருக்கும் குட்டிக்கு மூச்சு இல்லை என்று அர்த்தம். முதல் குட்டி வந்த பிறகு அதே பச்சை நிறம் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே எத்தனை பாக்கி என்பது 55ஆம் நாளுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரே இருந்தால்தான் தெரியும். ஸ்கேன் 25ஆம் நாளுக்கு மேல் சினை என்று சொல்லிவிடும். எண்ணிக்கையை அதில் நம்ப முடியாது.

நம் ஊரில் கைநீட்டிச் செய்யப்படும் இரண்டு தவறுகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று ஆக்சிடோசின் ஊசி. வலி நின்றுவிட்டது என்றதும் யாரோ வந்து ஓர் ஊசி போட்டுவிட்டுப் போவது. குட்டி குறுக்கே மாட்டியிருந்தால் அந்த ஊசி கருப்பையைச் சுவரில் மோத வைப்பதற்குச் சமம், கிழிந்தும் போகும். அடைப்பில்லை என்று பரிசோதித்த மருத்துவர் மட்டுமே போட வேண்டிய மருந்து அது.

இன்னொன்று அக்கறையால் வருகிற தவறு: சினை என்று தெரிந்த நாளிலிருந்தே தினமும் கால்சியம் டானிக். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடும் வேலை கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளுடையது. வெளியிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தால் அவை வேலையைக் குறைத்துவிடும். குட்டி போட்டுப் பால் பெருகும் நாளில் திடீரென்று நிறையக் கால்சியம் தேவைப்படும்போது அவற்றால் எழுந்து ஓட முடியாது. குட்டி போட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் தாய் மூச்சு வாங்கும், கால் விறைத்து நடக்கும், உடம்பு நடுங்கும், வெப்பம் ஏறும், வலிப்பும் வரும். மருத்துவர் கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்றினால் பிழைக்கும், தாமதித்தால் இல்லை. சின்ன ரகங்களில் இது இன்னும் அதிகம். சினைக் காலத்தில் நல்ல தரமான குட்டித் தீனி கொடுத்தாலே கால்சியம் போதும்.

பிறந்த குட்டி தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாதது. முதல் வாரம் படுக்கை 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சென்னையின் மே மாதத்தில் இதற்கு விளக்கு வேண்டாம், ஏசி அறையில் வைத்தால் வேண்டும். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு உடனே பால் புகட்டாதீர்கள். குடல் இயங்காது, பால் உள்ளேயே புளித்துவிடும். முதலில் உடம்போடு அணைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள், பிறகு பால். பசும்பால் சரிப்படாது, நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் நாளுக்குள் எல்லாக் குட்டிக்கும் சீம்பால் போயாக வேண்டும். பிறகு சமையலறைத் தராசில் தினம் ஒருமுறை எடை. சுமார் 400 கிராமில் பிறந்த குட்டி பத்துப் பதினைந்து நாளில் இரட்டிக்க வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனிக்கவும், மறுநாளும் நின்றால் மருத்துவரிடம் போகவும். குட்டி சாவதற்கு முன்னால் தராசுதான் முதலில் சொல்கிறது.

குட்டி பிறந்த முதல் மூன்று வாரமும் வீட்டில் இரவு விழித்திருக்க ஒருவர் வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்குச் சிசேரியன் செய்யும் இடம் எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஃபிரெஞ்ச் புல்டாக்போல முகம் தட்டையான சில ரகங்களில் பத்தில் எட்டுப் பிரசவம் கத்தியில்தான் முடிகிறது என்பது பழைய ஆய்வொன்றின் கணக்கு. தாய்க்கே சரியாக மூச்சு விட முடியாமல் குறட்டையும் இரைச்சலுமாக இருந்தால், அந்த மூக்கைத்தான் குட்டிகளுக்கும் கொடுக்கப்போகிறோம். பக் வளர்ப்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, மாடிப்படி ஏறி மூச்சிரைக்கும் பக்கைக் குட்டி போட வைக்கக் கூடாது.

கிராஸுக்கு முன்

இவ்வளவையும் தாண்டி "முடியும்" என்பவர்களுக்குத்தான் தாய் தந்தைப் பொருத்தம். குணம் முதலில். விருந்தாளியைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஓடுகிற நாயும், தட்டருகே போனால் உறுமுகிற நாயும் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழிந்தன. குட்டியாக இருந்தபோது உடம்பு முழுக்க டெமோடெக்ஸ் சொறி வந்த நாய், ஒரு விதை இறங்காத கடுவன், இவையும் அப்படியே. பரம்பரையில் இறங்குபவை அவை.

லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே. இரண்டு வயது முடிந்தபின் மயக்க மருந்து கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டி எடுப்பது. "நல்லாத்தான் ஓடறான்" என்பது சான்றாகாது. இளவயதுத் தசை, இடுப்பெலும்புக் கிண்ணத்தில் சரியாக உட்காராத எலும்பை மறைத்துவிடும். நொண்டல் தெரிய ஐந்தாறு வயதாகும். அதற்குள் அது மூன்று ஈத்து போட்டிருக்கும். லேப்ரடாரில் வரும் விழித்திரைச் சிதைவும் அப்படித்தான். முதலில் இரவில் தடுமாறும், பிறகு பார்வையே போகும், ஆனால் கிராஸ் விடும் வயதில் ஒன்றுமே தெரியாது. கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுக்கும் மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் அந்த மரபணுவைச் சுமக்கும் நாயை, சுமக்காத நாயோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் நோய் வராது. பாதிக் குட்டி சுமந்துகொண்டு மட்டும் இருக்கும். சுமக்கும் இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒன்றுக்குக் கண் போகும். யாரையும் ஒதுக்க வேண்டியதில்லை, யாரோடு யார் என்று தெரிந்தால் போதும்.

ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்குக் காது. அந்தப் பால் வெள்ளைக்கும் செவிட்டுக்கும் உறவு உண்டு. நிறமிச் செல்கள் தோலில் மட்டுமில்லை, உட்காதிலும் வேலை செய்கின்றன. அங்கே அவை இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்பு முனைகள் பட்டுவிடும். கைதட்டிப் பார்ப்பது பரிசோதனை அல்ல. கூட்டத்தில் கேட்கும் குட்டி திரும்பினால் கேட்காததும் சேர்ந்து திரும்பும். தரை அதிர்வும் காட்டிக்கொடுக்கும். தூங்கும் குட்டியைத் தனியே வைத்து, காற்றுப் படாத தூரத்தில் சத்தம் எழுப்பிப் பார்த்தாலும் இரண்டு காதும் போனதைத்தான் கண்டுபிடிக்க முடியும். ஒரு காது மட்டும் கேட்காத நாய் வாழ்நாள் முழுக்கச் சாதாரணமாகத்தான் தெரியும், குட்டிக்கு மட்டும் கடத்திவிடும். மூளையலையை அளக்கும் கருவி ஒன்றே அதைச் சரியாகச் சொல்லும். கேட்காத நாயை "வெள்ளை சுத்தம்" என்று இனவிருத்திக்கு வைப்பதுதான் இந்த ரகத்துக்கு நாம் செய்துவரும் பெரிய கெடுதல்.

கே.சி.ஐ. (இந்தியக் கென்னல் கிளப்) சான்றிதழ் நாயின் வம்சத்தைச் சொல்லும், இடுப்பையோ கண்ணையோ சொல்லாது. அதிலும் பார்க்க வேண்டியது பட்டம் பெற்ற முன்னோர் எத்தனை என்பதை அல்ல. ஒரே பெயர் இரண்டு பக்கமும் வருகிறதா என்பதை. தகப்பனோடு மகளையோ, கூடப்பிறந்ததோடு கூடப்பிறந்ததையோ சேர்த்தால், எந்த ஒரு மரபணுவிலும் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வர 25 சதவீத வாய்ப்பு. மறைந்திருந்த நோயெல்லாம் வெளியே வருவது அங்கேதான்.

பிறகு புரூசெல்லா என்ற கிருமி. இரண்டு நாய்க்கும் ரத்தப் பரிசோதனை, கிராஸுக்கு முன். ஊரெல்லாம் கிராஸுக்குப் போய்வரும் கடுவனிடம் இது வெளியே தெரியாமல் தங்கியிருக்கும். தொற்றிய பெட்டை ஏழெட்டு வாரத்தில் கருச்சிதைவாகும். ஆண்டிபயாடிக் கொடுத்தாலும் முழுதாகப் போனது என்று சொல்ல முடியாது. பிரசவம் பார்க்கும் மனிதரையும் தொற்றும். கடுவன்காரர் பரிசோதனைக்கு மறுத்தால் வேறு கடுவன் பாருங்கள், அவ்வளவுதான்.

நாள் குறிப்பதில் "ரத்தம் கண்ட பதினோராம் நாள், பதின்மூன்றாம் நாள்" என்பது குத்துமதிப்பு. ஏழாம் நாளே பக்குவப்படும் பெட்டையும் உண்டு, இருபதாம் நாளும் உண்டு. ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் அளவைத் தொடும்போது முட்டை வெளிவருகிறது. அது முதிர இன்னும் இரண்டு நாள். சேர்க்க வேண்டியது அப்போது. "மூணு தடவை கிராஸ் விட்டும் நிக்கல" என்று மலட்டுப் பட்டம் வாங்கிய நாய்கள் பலவற்றுக்கு நாள்தான் தப்பியிருக்கும்.

"ஒரு ஈத்தாவது போடட்டும்"

குட்டி போட்டால் கருப்பை சுத்தமாகும் என்பது நம்பிக்கை மட்டுமே. கருப்பையில் சீழ் கட்டும் நோய் ஹீட் முடிந்து நாலு முதல் எட்டு வாரத்தில் வரும். சுவீடனின் நாய்க் காப்பீட்டுப் பதிவுகளில், கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் அது வந்திருக்கிறது. அதைத் தடுப்பது கருத்தடை அறுவை. ஒருமுறை கிராஸ் விட்டால் கடுவன் அடங்கும் என்பதும் தலைகீழ். ருசி கண்ட கடுவன் சுவர் ஏறிக் குதிக்கும். "அவளை மாதிரியே ஒண்ணு வேணும்" என்ற ஆசை மட்டும் கேலி செய்யக் கூடாதது. ஆனால் குட்டியில் பாதி கடுவனுடையது. மீதிப் பாதியிலும் அவளுடைய எந்தப் பாதி வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போதே ஹீட்டில் இருந்தால்

இந்த முறை வேண்டாம் என்று வைத்துக்கொண்டு, முதல் சொட்டிலிருந்து 21 நாளாவது கதவைச் சாத்துங்கள். வாக்கிங் சங்கிலியில்தான், கூடவே வளரும் அண்ணன் நாயும் ஆண் நாய்தான் என்பதை மறக்க வேண்டாம். ஹீட்டைத் தள்ளிப்போடும் ஹார்மோன் ஊசி வேண்டாம், கருப்பையில் சீழ் கட்டுவதற்கு அது வழி செய்கிறது. தப்பித் தவறித் தெருவில் சேர்ந்துவிட்டால் தண்ணீர் ஊற்றியோ கல்லெறிந்தோ பிரிக்காதீர்கள், இரண்டுக்கும் காயமாகும். ஐந்து முதல் முப்பது நிமிடத்தில் தானே விலகும். பிறகு அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள். மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் மாத்திரையை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

ரத்தம் கண்ட தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். ஹீட் முடிந்த நாலாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை அதிகத் தண்ணீர் குடிக்கிறதா, சோர்ந்து படுக்கிறதா, பின்பக்கம் ஏதாவது வடிகிறதா என்று பாருங்கள். கருத்தடைக்கு ஏற்றது ஹீட் முடிந்த இரண்டு மூன்று மாதத்தில். அப்போது கருப்பையில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். பெரிய ரகமாக இருந்து ஒரு வயது நிறையவில்லையென்றால் மூட்டு வளர்ச்சிக்காக இன்னும் காத்திருக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குட்டி வேண்டும் என்பவர்களுக்கும் அதே தேதிதான் கணக்கு: அடுத்த ஹீட்டுக்கு இன்னும் ஆறு மாதம், எழுத வேண்டியது ஆறு பெயர்.